வேஷந்தரியாமல் மறுரூபமாவது எப்படி

அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய நிருபத்தில், ரோமர் 12:2-ல், இரண்டு சொற்கள் அருகருகே நிற்கின்றன: "வேஷந்தரியாமல்", "மறுரூபமாகுங்கள்". வேஷத்தை வெளியிலிருந்து போட்டுக்கொள்கிறோம். ஆராதனை முடிந்து வாசலைத் தாண்டியதும் கழற்றியும் விடலாம். மறுரூபம் உள்ளே தொடங்கி வெளியே தெரிய வருவது. அதற்குப் பவுல் எடுத்த கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் வருகிறது. மத்தேயு 17:2-ம் மாற்கு 9:2-ம் மலையின்மேல் இயேசுவின் தோற்றம் மாறியதைச் சொல்கின்றன. மற்ற இரண்டும், அதாவது ரோமர் 12:2-ம் 2 கொரிந்தியர் 3:18-ம், விசுவாசிகளுக்குள் நடக்க வேண்டியதைச் சொல்கின்றன. ரோமரில் அது கட்டளையாகவும், தொடர்ந்து நடப்பதைக் காட்டும் செயப்பாட்டு வினையாகவும் நிற்கிறது. மாற்றுகிறவர் தேவன், அந்த மாற்றத்துக்குத் தினமும் நம்மை ஒப்புக்கொடுப்பது நம் பங்கு. அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும், ஏன் தவறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பொதுப்படையான தீர்மானத்தால் யாரும் மாறுவதில்லை. "இனி நல்ல கிறிஸ்தவனாக வாழ்வேன்" என்ற ஜெபம் மூன்று நாள் தாங்காது. ஆள், நேரம், தொகை, வார்த்தை என்று குறிப்பாக இறங்கி வரும் கீழ்ப்படிதல்தான் நிலைக்கிறது. ஜனங்கள் யோவான் ஸ்நானகனிடம் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது அவர் ஆளுக்கு ஒரு பதில் கொடுத்தார் (லூக்கா 3:10-14). இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரி வசூலிக்கும் ஆயக்காரர் கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்கக்கூடாது. போர்ச்சேவகர் இடுக்கண் செய்யாமல், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல், சம்பளமே போதும் என்று இருக்க வேண்டும். யாரிடமும் "இன்னும் பக்தியாயிருங்கள்" என்று அவர் சொல்லவில்லை. அவரவர் பிழைப்பில் எங்கே ஓட்டையோ, நேராக அங்கேயே கை வைத்தார்.

வரிசை மாறக்கூடாது

எபேசியர் 2:8-10-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கிருபையினாலே இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல, ஆனால் நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம். வரிசை இதுதான். ரோமர் நிருபத்திலும் முதல் 11 அதிகாரங்களில் மனுஷனுடைய பாவத்தையும் அதற்குத் தேவன் செய்து முடித்ததையும் எழுதிவிட்டு, 12-ம் அதிகாரத்தில்தான் பவுல் "அப்படியிருக்க" என்று தொடங்கி, நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறார். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு பயிற்சியும் சுமையாகிவிடும். நன்றாகப் போகும் வாரத்தில் பெருமை வரும். சறுக்கிய வாரத்தில் நம்பிக்கை அற்றுப்போகும்.

வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நாள் ஜெபம் தவறிவிட்டால் உங்கள் மனதில் முதலில் எழுவது என்ன? "இன்றைக்கு ஏதாவது கெட்டது நடக்கும்" என்ற பயமா, அல்லது பேச வேண்டியவரிடம் பேசாமல் போனோமே என்ற ஏக்கமா? பயம் என்றால் வரிசை தலைகீழாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஒரு மாதத்துக்கு ஜெபத்தின் முதல் இரண்டு நிமிடங்களில் எதையும் கேட்க வேண்டாம். கிறிஸ்து ஏற்கெனவே செய்து முடித்ததை மட்டும் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறுபள்ளி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம் என்று எல்லாவற்றிலும் இருந்தும், இயேசுவை ஆண்டவராக ஏற்றுக்கொண்டேன் என்று உள்ளத்தில் உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் பலர் உண்டு. நீங்கள் அப்படி இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனந்திரும்பி விசுவாசிப்பதில் தொடங்குங்கள். உங்கள் போதகரிடம் இதை மறைக்காமல் பேசுங்கள். அந்தத் தொடக்கம் இல்லாமல் பயிற்சிகளை மட்டும் செய்தால், வேர் இல்லாத கிளைக்குத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

கதவைப் பூட்டிக்கொண்டு

மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் என்ற மூன்றை எடுக்கிறார். மூன்றும் நல்ல காரியங்கள். மூன்றிலும் எச்சரிப்பு ஒன்றே: பார்க்கிற கண் யாருடையது? "மாயக்காரர்" என்று தமிழில் வாசிக்கிற கிரேக்கச் சொல், மேடையில் நடிக்கிறவனைக் குறித்த சொல். அவர்கள் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்ற இடத்தில் வரும் வினைச்சொல், அக்காலத்தில் பணம் முழுதும் பெற்றுக்கொண்டதாக எழுதிக்கொடுத்த ரசீதுகளில் வந்த சொல். மனுஷருடைய பாராட்டு கைக்கு வந்துவிட்டது, கணக்கு முடிந்தது.

ஆகவே முதல் 40 நாட்கள் புதிதாகத் தொடங்கியதை யாருக்கும் சொல்லாதீர்கள். காலை வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், திறந்த வேதாகமத்தைப் படம் எடுக்காதீர்கள், ஜெபக் கூட்டத்தில் "இப்போதெல்லாம் நான் நான்கு மணிக்கே எழும்புகிறேன்" என்று சாட்சி சொல்லாதீர்கள். கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் மனுஷருடைய கண் இல்லாவிட்டால் நம் பக்தி எவ்வளவு சோர்ந்துபோகிறது என்று தெரியும். அந்தச் சோர்வை மறைக்காமல் தேவனிடமே சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், "ஜெபிக்கிறேன்" என்றால் போதும்.

நேரம் ஒரு நாளைக்கு 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். தினமும் ஒரே நாற்காலி, ஒரே நேரம். போன் வேறு அறையில் இருக்கட்டும். செயலியில் வாசித்துப் பழகியவர்களும் இந்த 20 நிமிடத்துக்கு அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். அறிவிப்பு ஒன்று வந்து விழுந்தாலே போதும், மனம் ஓடிவிடும்.

முதல் மாதத்துக்கு மலைப்பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். மத்தேயு 5 முதல் 7 வரை 111 வசனங்கள். நாளுக்கு நான்கு என்றால் 28 நாளில் முடியும். முதலில் வாய்விட்டு, மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது எந்தச் சொல்லில் மனம் நெருடுகிறதோ அங்கே நில்லுங்கள். ஆறுதலாக இருக்கும் சொல்லைவிட நெருடும் சொல்லிடம் அதிக நேரம் இருங்கள். இதற்கு 10 நிமிடம். பிறகு, "இன்றைக்கு எந்த ஆளிடம், எந்த மணிக்கு இது எனக்குத் தேவைப்படும்?" என்று கேட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள். "பொறுமையாயிருப்பேன்" என்று எழுதினால் அது வரி ஆகாது. "மாலை ஆறு மணிக்கு அம்மா அதே கேள்வியை மறுபடி கேட்டால், மறுபடி பதில் சொல்வேன்" என்று எழுதினால் ஆகும். மீதி நேரம் ஜெபத்துக்கு.

மலைப்பிரசங்கம் முடிந்த பிறகு புதிய ஏற்பாட்டை வரிசையாக எடுங்கள். மொத்தம் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடிகிறது. மீதி இரண்டு நாட்கள் சங்கீதத்துக்கு. ஒருநாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு அதிகாரமாக ஓடிப் பிடிக்காதீர்கள்; விட்ட இடத்திலேயே தொடருங்கள். ஓடிப் பிடிக்க ஆரம்பித்தால் வாசிப்பு முடிப்பதற்கான வேலையாக மாறிவிடும், நெருடும் சொல் கண்ணில் படாது.

இரவில் ஒரு பக்கம்

படுக்கப் போகும் முன் 10 நிமிடம். சங்கீதம் 139:23-24-ஐ ஜெபமாகச் சொல்லிவிட்டு அன்றைய நாளை காலையிலிருந்து வரிசையாக நினைத்துப் பாருங்கள். நன்றி சொல்ல வேண்டியவை முதலில். பிறகு தவறியது ஒன்று. பத்துத் தவறுகளை எழுத வேண்டாம், ஒன்று போதும். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"திங்கள். காலை வசனம்: உள்ளதை உள்ளதென்றும் (மத். 5:37). மதியம் மேலாளர் கேட்டபோது அறிக்கை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றேன். பாதிகூட ஆகவில்லை. ஏன்: திட்டு விழும் என்ற பயம். நாளை: ஒன்பது மணிக்கு நானே போய் உண்மை நிலையைச் சொல்வது."

இதில் உயிரான வரி "ஏன்" என்பதுதான். நான்கு வாரம் எழுதிவிட்டுப் பின்னால் திருப்பிப் பாருங்கள். பொய், தாமதம், முகஸ்துதி, பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது என்று வெவ்வேறாகத் தெரிந்தவற்றின் அடியில் ஒரே வேர் ஓடுவது தெரியும். பலருக்கு அது மனுஷருக்குப் பயப்படும் பயம். சிலருக்குப் பண ஆசை, சிலருக்கு யாரையோ இன்னும் மன்னிக்காதது. வேரின் பெயர் தெரிந்த பிறகு ஜெபமே மாறிவிடுகிறது. "பொய் சொல்லாமல் இருக்க உதவும்" என்பதோடு நிற்காமல், "மனுஷருடைய முகத்தைவிட உம்முடைய முகம் எனக்குப் பெரிதாகத் தெரியட்டும்" என்று கேட்கத் தொடங்குவீர்கள்.

பெயர்களை முதலெழுத்தில் எழுதுங்கள். நோட்டை வேறொருவர் பார்க்க நேர்ந்தால் மூன்றாம் ஆள் புண்படக்கூடாது.

இந்தப் பழக்கம் கெட்டுப்போகும் வழியும் உண்டு. சிலருக்கு இது தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் நேரமாகிவிடும். 2 கொரிந்தியர் 7:10 தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரிக்கிறது. இயேசுவை மறுதலித்த பேதுருவும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுந்தவர்கள், இருவரும் துக்கப்பட்டார்கள். ஒருவன் ஆண்டவரிடம் திரும்பி வந்தான், மற்றவன் தன்னிடமே திரும்பி அழிந்துபோனான். உங்கள் துக்கம் உங்களை ஜெபத்துக்கும், காயப்பட்ட ஆளிடத்துக்கும் கொண்டுபோகிறதா, அல்லது போர்வைக்குள் முடக்கிவிடுகிறதா என்று பாருங்கள். எழுதி அறிக்கையிட்ட பிறகு 1 யோவான் 1:9-ஐச் சொல்லி நோட்டை மூடுங்கள். மன்னிக்கப்பட்டதை மறுநாள் மறுபடி அறிக்கையிடத் தேவையில்லை.

களைவதும் தரிப்பதும்

மாற்றத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. பெரும்பாலானோர் தவறுவதும் இங்கேதான். எபேசியர் 4:25-32-ஐ எடுத்து மூன்று வண்ணப் பேனாவால் கோடிடுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் பெரும்பாலும் மூன்று பாகம் இருக்கும்: களைய வேண்டியது, அதன் இடத்தில் தரிக்க வேண்டியது, அதற்கான காரணம். பொய்யைக் களைந்து மெய்யைப் பேசுங்கள், ஏனென்றால் நாம் ஒருவருக்கொருவர் அவயவங்கள். திருடாமல் கைகளினால் உழைக்க வேண்டும், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதற்காக. கெட்ட வார்த்தைக்குப் பதில் பக்திவிருத்திக்கான வார்த்தை, கேட்கிறவருக்குப் பிரயோஜனம் உண்டாவதற்காக. கசப்பை நீக்கி மன்னியுங்கள், கிறிஸ்துவுக்குள் தேவன் உங்களுக்கு மன்னித்தபடியால்.

நாம் வழக்கமாக முதல் பாகத்தோடு நின்றுவிடுகிறோம். மத்தேயு 12:43-45-ல் அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாக இருந்தது. அதனால்தான் ஏழு ஆவிகள் கூட வந்து குடியேறின. பழக்கம் ஒன்றை விடும்போது அது இருந்த அதே நேரத்தில், அதே இடத்தில், அதற்கு எதிரான ஒன்றை வைக்காவிட்டால் நடப்பது இதுதான்.

திருட்டை எடுத்துக்கொள்வோம். "நான் திருடுகிறவன் இல்லை" என்று தாண்டிப்போக வேண்டாம். வேலை நேரத்தில் சொந்த வேலை, கணக்கில் ஏற்றிக் காட்டிய செலவு, கட்டாத வரி, திருப்பித் தராத கடன், பணியாளுக்குப் பிடித்துவைத்த கூலி எல்லாம் இதற்குள் வரும். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. எடுப்பதை நிறுத்துவது பாதிதான். கொடுக்கத் தொடங்கும்போதுதான் பவுல் சொன்ன கட்டளை முழுதாகிறது. அதனால் செலவுக் கணக்கைத் திருத்திய அதே மாதத்தில், ஒரு குறிப்பிட்ட தொகையை ஒரு குறிப்பிட்ட ஆளின் தேவைக்கு ஒதுக்குங்கள்.

புறங்கூறுதலுக்கு முன்தயாரிப்பு தேவை. பேச்சு தொடங்கிய பிறகு யோசித்தால் வார்த்தை வராது. ஒரு வாக்கியத்தை முன்பே மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: "அவங்க இங்க இல்லையே, அவங்ககிட்டயே கேட்டுக்கலாமே." பிறகு அதே ஆளைப் பற்றி உண்மையான ஒரு நல்ல காரியம் சொல்லுங்கள். அது தரித்தல். சபைக்குள் புறங்கூறுதல் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற உடுப்போடு வரும். அடுத்தவருடைய பிரச்சினையை அவருடைய சம்மதம் இல்லாமல் ஜெபக் குறிப்பாகக்கூடச் சொல்லாதீர்கள்.

கோபத்துக்கு வேதம் நேரக் கெடு வைக்கிறது: சூரியன் அஸ்தமிக்கும் முன். கொதிக்கும்போது பேசிப் பயனில்லை என்பது உண்மைதான், எழுந்து போங்கள், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்: "அரைமணி நேரத்தில் வருகிறேன், பேசலாம்." நேரம் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவது மௌனத்தால் அடிப்பது. அன்றே முடிக்க முடியாத பெரிய விஷயம் என்றால், நாளை எத்தனை மணிக்குப் பேசுவோம் என்பதையாவது அன்றே முடிவு செய்யுங்கள்.

ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்துக்கும் இதே முறைதான், ஆனால் மத்தேயு 5:29-30 சொல்லும் கடுமையோடு. எந்த மணி, எந்த அறை, எந்தக் கருவி என்று கண்டுபிடியுங்கள். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள். அந்த மணிக்கு வேறு ஒன்றை, மனுஷரோடு சேர்ந்த ஒன்றாக இருந்தால் நல்லது, வைத்துவிடுங்கள். ஒரு ஆளிடமாவது இதைச் சொல்லுங்கள். இரகசியம் இருக்கும்வரை இந்தப் பாவத்துக்கு பலம் குறையாது.

எட்டுக் குணத்தை ஒரே மாதத்தில் மாற்ற முயலாதீர்கள். களைய வேண்டியதும் தரிக்க வேண்டியதுமான ஒரு ஜோடியை எடுத்து ஆறு வாரம் இருங்கள்.

ஒப்புரவாவதற்குப் போகும்போது

மத்தேயு 5:23-24-ஐ கவனித்து வாசித்தால் ஒன்று தெரியும்: குறை நம் மனதில் இருப்பதாக இயேசு சொல்லவில்லை, சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டு என்கிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். ஆராதனையையே நிறுத்திவைக்கும் அளவுக்கு இது அவசரம்.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தையில்தான் முக்கால்வாசிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். "நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க." இதில் "ஏதாவது" செய்ததை மறைக்கிறது, "இருந்தா" செய்ததையே சந்தேகிக்கிறது. "நீங்க அப்படிப் பேசினதாலதான் நானும் பேசினேன்" என்பது மன்னிப்பு என்ற பெயரில் வரும் குற்றச்சாட்டு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "போன செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாடியும் உங்க வேலையைக் கேவலமாப் பேசினேன். அது தப்பு. உங்களுக்கு அவமானமா இருந்திருக்கும். அதே ஆட்கள் முன்னாடி நானே அதைச் சரிபண்றேன். என்னை மன்னிக்க முடியுமா?" நாள், செயல், அது தவறு என்ற ஒப்புதல், அவர் பட்ட வலி, சரிசெய்யும் வழி, கேள்வி என்று எல்லாம் இதில் இருக்கிறது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் உடனே மன்னிக்கக் கடமைப்பட்டவர் இல்லை. "நான் யோசிக்கணும்" என்றால், சரி என்று எழுந்து வாருங்கள். வசனம் காட்டி நெருக்காதீர்கள்.

பணமோ பொருளோ எடுத்திருந்தால் வார்த்தை மட்டும் போதாது. லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 10,000 எடுத்திருந்தால் 12,000. ஆயக்காரனாகிய சகேயு அதையும் தாண்டி நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). கொடுக்க வேண்டியவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுக்குக் கொடுங்கள். வாரிசும் இல்லை என்றால் எண்ணாகமம் 5:8-ன்படி அது கர்த்தருக்கு உரியது; பெயர் சொல்லாமல் ஏழைகளுக்கோ சபைக்கோ போகட்டும். மொத்தமாக முடியாதவர்கள் தவணை சொல்லிவிட்டு முதல் தவணையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எச்சரிக்கையும் வேண்டும். யாரைக் காயப்படுத்தினோமோ, யாருக்குத் தெரிந்து காயப்படுத்தினோமோ, அந்த அளவுக்கு மட்டும் அறிக்கை செய்தால் போதும். மனதுக்குள்ளேயே இருந்த பொறாமையைத் தேவனிடம் அறிக்கையிடுங்கள். "இவ்வளவு நாளா உங்களை வெறுத்தேன்" என்று அவரிடம் போய்ச் சொல்வது உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பது. தாம்பத்திய துரோகம், சட்டப்படி குற்றமான காரியங்கள் ஆகியவற்றில் முதிர்ந்த போதகர் ஒருவரின் வழிகாட்டுதலோடு, தேவையானால் வழக்கறிஞரையும் கேட்டு, நடவடிக்கை எடுங்கள். ஆலோசனை கேட்கிறேன் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு.

மன்னிக்க வேண்டியவர் நீங்களாக இருந்தால்

மத்தேயு 18-ல் உள்ள உவமையில் ஓர் ஊழியக்காரனிடமிருந்து ராஜாவுக்கு வர வேண்டியது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம்; ஒரு பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் அந்த ஊழியக்காரனுக்கு ராஜா மன்னித்துவிட்ட கடன் 6 கோடி நாள் கூலி. உடன் ஊழியக்காரனிடமிருந்து அவனுக்கு வர வேண்டியிருந்ததோ நூறு பணம். ஆறு லட்சம் மடங்கு வித்தியாசம். ஆனாலும் நூறு நாள் கூலி சின்னத் தொகை ஆகாது. மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு அது. உங்களுக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவே இல்லை. அதனால் மன்னிக்கும்போது முதலில் அந்த நூறு பணத்தை எண்ணுங்கள்: என்ன செய்தார், எனக்கு என்ன போயிற்று என்று எழுதுங்கள். பிறகு அதைத் தேவனுக்கு முன் வைத்து, "இதை நான் வசூலிக்கப்போவதில்லை" என்று சொல்லுங்கள். மறுபடி நினைவு வந்து கொதிக்கும்போது முன்பு மன்னித்தது பொய் என்று எண்ண வேண்டாம். அதே தீர்மானத்தை மறுபடி சொல்லுங்கள்.

மன்னிப்பது உங்கள் கையில் இருக்கிறது. நம்பிக்கை திரும்புவது அவருடைய நடத்தையில் இருக்கிறது. அடிக்கிறவரோடும், பிள்ளைகளைத் துன்புறுத்துகிறவரோடும் ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டும் என்று மன்னிப்பு யாரையும் கட்டாயப்படுத்தாது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்; புகார் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள்.

இரண்டு மூன்று பேராக

"உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்வதை நம்மில் பலர் வாசித்துவிட்டுத் தாண்டிப்போகிறோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கென்று எழுதிய விதிகளில், வாரந்தோறும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கொடுத்திருக்கிறார். கடந்த சந்திப்புக்குப் பின் தெரிந்து செய்த பாவம் என்ன, சந்தித்த சோதனை என்ன, எப்படி விடுவிக்கப்பட்டீர்கள், பாவமா இல்லையா என்று சந்தேகப்படுகிற எண்ணமோ பேச்சோ செயலோ உண்டா என்பவை அவை. இன்றும் இவை போதும்.

ஒரே பாலினத்தவர் இரண்டு அல்லது மூன்று பேர், வாரம் ஒரு மணி நேரம், குறித்த நாளில். ஐந்து பேரானால் யாராவது ஒளிந்துகொள்வார். கேட்டது வெளியே போகக்கூடாது. ஒரு உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் இரகசியம் காக்க மாட்டோம் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் அறிக்கையிட்டவுடன் புத்திமதி சொல்லத் தொடங்காதீர்கள். முதலில் மன்னிப்பின் வசனம் ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவருக்காக ஜெபியுங்கள். பெரும்பாலான குழுக்கள் மூன்றாம் மாதத்தில் மாறத் தொடங்கும்: வேலை, உடல்நலம், பிள்ளைகள் படிப்பு என்று ஜெபக் குறிப்புகள் மட்டுமே மிஞ்சும். அப்போது முதல் கேள்விக்குத் திரும்புங்கள், அதுவும் நீங்களே முதலில் பதில் சொல்லி.

உபவாசத்தை வாரம் ஒரு வேளையில் தொடங்கலாம். அந்த நேரத்தை ஜெபத்துக்கும், அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தைப் பசியுள்ளவருக்கும் கொடுங்கள். ஏசாயா 58:6-7 கேட்கும் உபவாசம் அப்படிப்பட்டது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மருந்து எடுப்பவர்கள் உணவை விட்டு உபவாசிக்க வேண்டாம். திரையையோ வேறொன்றையோ விடலாம்.

வறட்சியும் விழுகையும்

சில மாதங்களில் ஜெபம் மரத்துப்போகும். உடனே "எனக்குள் ஏதோ பாவம்" என்று தோண்டத் தொடங்காதீர்கள். தெரிந்த பாவம் இருந்தால் அறிக்கையிடுங்கள். இல்லை என்றால் உடலைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-ல் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கிய பிறகு மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். தூக்கம் குறைந்திருந்தால் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் ஆர்வமின்மை, தூக்கமின்மை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. உணர்ச்சி இல்லாத நாட்களில் சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதம் ஒன்றை வாய்விட்டு வாசித்து அதையே ஜெபமாக ஒப்புக்கொடுங்கள். சங்கீதம் 88 இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது; அதுவும் வேதத்தில் உள்ள ஜெபம்தான்.

விட்ட பாவத்தில் மறுபடி விழுந்தால் முதல் 24 மணி நேரம் முக்கியம். உடனே தேவனிடம் சொல்லுங்கள், அன்றே குழுவில் ஒருவருக்குப் போன் செய்யுங்கள், வரும் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதீர்கள். "கொஞ்சம் சுத்தமான பிறகு ஜெபிக்கலாம்" என்று காத்திருப்பதில்தான் ஒரு விழுகை ஆறு மாதமாக நீள்கிறது.

வீட்டில் கேளுங்கள்

கலாத்தியர் 5:19-ல் மாம்சத்தின் "கிரியைகள்" என்று பன்மையில் சொன்ன பவுல், 5:22-23-ல் ஆவியின் "கனி" என்று ஒருமையில் எழுதுகிறார். அன்பு முதல் இச்சையடக்கம் வரை ஒன்பதும் ஒரே கனி. எனவே ஜெபத்தில் வளர்ந்து தயவில் குறைந்திருந்தால் வளர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உங்களை வேஷமில்லாமல் பார்க்கிறவர்களிடம், அதாவது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், அறைத் தோழர் யாராவது ஒருவரிடம், மூன்று கேள்வி கேளுங்கள். "கோபம் வரும்போது நான் முன்னைக்கு எப்படி இருக்கேன்? என்கிட்ட சொல்லப் பயப்படுற விஷயம் ஏதாவது இருக்கா? ஞாயிற்றுக்கிழமை நான் பேசுறதுக்கும் வீட்டுல இருக்கறதுக்கும் எங்க ஒத்துப்போகலை?" அவர்கள் பேசும்போது விளக்கம் சொல்லாதீர்கள், சூழ்நிலையைக் காரணம் காட்டாதீர்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, "சொன்னதுக்கு நன்றி" என்று மட்டும் சொல்லுங்கள். மறுநாள் காலை 20 நிமிடத்தில் அந்தத் தாளை வேதாகமத்தின் அருகே விரித்து வைத்து, அடுத்த ஆறு வாரத்துக்கான ஜோடியை அதிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.